சிவப்பு நூல் கட்டிய அம்பாசிடர்

"இன்னா பாப்பா, காருக்குக் காப்பு கட்டிகீறீங்க? எந்தக் கோயில் வேண்டுதல்?"

கேட்டைத் திறந்து உள்ளே வந்ததும் ஸ்டெல்லாக்கா கேட்ட முதல் கேள்வி இது. பட்டினப்பாக்கத்துக்காரர், மந்தைவெளியில் மீன்கடை போட்டிருப்பவர். ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் வீட்டுக் காம்பவுண்டுக்குள் நின்ற பழைய அம்பாசிடரை விலை பேச வந்திருந்தார். இடுப்பில் ஒரு பெரிய தெர்மாகோல் பெட்டி. அது எதற்கு என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

அவர் கேட்டதிலும் தப்பில்லை. முன் பம்பரில் ஒரு சிவப்பு நூல். இடது கதவுக் கைப்பிடியில் ஒன்று. வைப்பரில் ஒன்று. பானெட்டைத் தூக்கினால் உள்ளே இன்னும் நாலைந்து. யாரோ காருக்குக் கண்ணேறு கழித்ததுபோல்தான் இருந்தது.

"காப்பு இல்லக்கா. எங்கெங்க கோளாறோ அங்கெல்லாம் நூல் கட்டியிருக்கேன்."

ஸ்டெல்லாக்கா தன் தம்பியைத் திரும்பிப் பார்த்தார். அந்தோணி அண்ணன் கால் டாக்சி ஓட்டியவர். வண்டியின் குற்றம் குறை பார்க்கவென்றே அழைத்து வரப்பட்டவர்.

"என்ன இன்னாத்துக்குக்கா இட்டாந்த?" என்றார் அவர். "அல்லாத்தையும் அவுங்களே கட்டி வெச்சிகீறாங்க. நான் வூட்டுக்குப் போயி தூங்கவா?"

வாசல்படியில் அப்பா நின்றுகொண்டிருந்தார். நூல் கட்டியது அவருக்குத் தெரியாது. ஆனால் அங்கிருந்தவர்களில் அதற்கு அர்த்தம் கேட்கத் தேவையில்லாத ஒரே ஆள் அவர்தான்.

இந்தத் தொடருக்குள் இந்த வாரம்தான் நுழைகிறவர்களுக்கு ஒரு வரி. நான் பிளஸ் டூ முடித்துவிட்டு, கிடைத்த கல்லூரி இடத்தை விட்டுவிட்டு, ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் பிரிவில் சேர்ந்தவள். கல்லூரியில் சேர்வதற்கான கடைசி நாளும், ஸ்டெல்லாக்கா வண்டி பார்க்க வந்த நாளும் ஒன்றே. அன்று சாவி கை மாறினால் இரண்டும் போகும், காரும் கல்லூரியும். அப்பா அப்படித்தான் கணக்குப் போட்டு அந்த நாளைக் குறித்திருந்தார்.

நூல் வந்தால் கத்திரி நிற்கும்

அப்பாவுக்குத் தியாகராய நகரில் துணிக்கடை. மாடி மாடியாக லிஃப்ட் வைத்த கடைகளை நினைத்துக்கொள்ளாதீர்கள். பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில், சட்டைத்துணியும் ரவிக்கைத்துணியும் மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுக்கிற கடை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இளவயதில் வந்தவர். ஊரை விட்டு வந்து இத்தனை காலமாகியும் 'ஏட்டி' அவர் வாயை விட்டுப் போகவில்லை.

துணி, தான் தானாக வரும். ஒரு முழுச் சுருளுக்குத்தான் அந்தப் பெயர். நெசவில் எங்காவது இழை அறுந்திருந்தால், சாயம் திட்டாக விழுந்திருந்தால், அந்த இடத்துக்கு நேராக ஓரக் கரையில் ஒரு சிவப்பு நூலை முடிந்து அனுப்புவார்கள். கடையில் தானை விரித்துக்கொண்டே வரும்போது நூல் தென்பட்டால் கத்திரி நின்றுவிடும்.

"இங்கன ஒரு குறை இருக்கு, பாத்துக்கிடுங்க" என்று அப்பா விரலால் காட்டுவார். வாங்குகிறவர் பரவாயில்லை என்றால் ஒரு சாண் கூடுதலாக விட்டு வெட்டுவார். வேண்டாம் என்றால் அந்த இடத்தைத் தள்ளி வெட்டுவார். நூலைப் பிய்த்து எறிந்துவிட்டு விற்கிறவர்களும் உண்டு. அவர்கள் கல்யாணப் பத்திரிகை கொடுத்தால்கூட அப்பா போகமாட்டார்.

பள்ளி விட்டுக் கடைக்குப் போகிற நாட்களில் நான் நூல் உள்ள தானைத்தான் தேடுவேன். குறையில்லாத துணியில் பார்க்க என்ன இருக்கிறது? நூல் கட்டிய இடத்தை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து, எந்த இழை அறுந்தது, அறுந்த பிறகு தறி எப்படிச் சமாளித்தது என்று பார்த்துக்கொண்டிருப்பேன். "துணி வாங்க வந்தவுக நிக்காக, நீ என்னட்டி ஜோசியம் பாக்க?" என்று அப்பா தானைப் பிடுங்குவார்.

அந்தத் தான்களைச் சுமந்தது இந்த அம்பாசிடர். அதன் டிக்கியைத் திறந்தால் புதுத்துணிக் கஞ்சியின் வாசனை முகத்தில் அடிக்கும். மழைக்காலத்தில் இன்னும் அதிகம். பிளஸ் டூ முழுவதையும் நான் அதன் பின்சீட்டில் உட்கார்ந்துதான் படித்தேன். வெயிலில் ரெக்சின் சுடும். ஒரு துண்டை விரித்துக்கொள்வேன். கார் ஓட்டப் பழகியதும் அதில்தான், திருவான்மியூர்க் கடற்கரை ஓரத்துக் காலித் தெருக்களில். கொஞ்சம் வேகமெடுத்தால் டாஷ்போர்டுக்குள் ஒரு முனகல் கேட்கும். யாரோ வாயை மூடிக்கொண்டு பாடுவதுபோல. அதைக் கேட்பதற்காகவே வேகமெடுப்பேன்.

தொடாதீர்கள்

அடையாறு தாண்டி ஒரு பொறியியல் கல்லூரியில், மெக்கானிக்கல் பிரிவில் இடம் கிடைத்தது. அப்பாவோடு பார்க்கப் போனேன். பளபளவென்று தரை. வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஓர் இஞ்சின். உள்ளே இருப்பது தெரியும்படி வெட்டி, வெட்டிய இடத்துக்கெல்லாம் சிவப்புச் சாயம் பூசியிருந்தார்கள். நான் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றேன். பக்கத்தில் 'தொடாதீர்கள்' என்று பலகை.

"இதை எப்பத் திறக்க விடுவாங்க?" என்று அங்கே படிக்கிற ஓர் அண்ணனிடம் கேட்டேன்.

"திறக்கறதா? ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு லேப் வரும்மா. ரீடிங் எடுத்தா போதும்."

அதே வாரம் ஒரு ஐ.டி.ஐ.க்கு வேடிக்கை பார்க்கப் போனேன். தகரக் கூரை போட்ட நீளமான பட்டறை. மேசைமேல் பிரித்துப் போட்ட இஞ்சின், சுற்றிலும் என் வயதுப் பையன்கள். ஒருவன் நிமிர்ந்து பார்த்தான். நான் யார் என்று கேட்கவில்லை. "இத்தக் கொஞ்சம் புடி" என்று ஒரு பிஸ்டனை என் கையில் வைத்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டான்.

நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. என் சுடிதாரில் ஒரு கறுப்புக் கோடு விழுந்தது. பஸ்ஸில் வீடு வருகிறவரை அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அப்பா கத்தவில்லை. அவர் வியாபாரி. பேரம் பேசினார்.

"காலேஜுக்குப் போ. வண்டி உனக்கு. பெட்ரோலும் நான் போடுதேன்."

"ஐ.டி.ஐ. போனா?"

"வண்டிய வித்துருவேன்."

"அதுக்கும் இதுக்கும் என்னப்பா சம்பந்தம்?"

"எல்லாம் அதுனால வந்த வெனதான். சின்னதுல இருந்து அதுக்கடியிலேயே கெடந்த. வண்டி போச்சுன்னா கிறுக்கும் போயிரும்."

சமையலறையிலிருந்து அம்மா கேட்டார்: "அப்ப நான் கோயிலுக்கு எதுல போக?"

"ஆட்டோல போ."

"நல்லாயிருக்கு. நீங்க ரெண்டு பேரும் பந்தயம் கட்டுவீங்க, நான் ஆட்டோக்காரங்கூட மல்லுக்கட்டணுமாக்கும்" என்றார் அம்மா. ஆனால் ஐ.டி.ஐ. சேர்க்கைக்கு என்னோடு வந்து கையெழுத்துப் போட்டதும் அம்மாதான். அதை அப்பாவிடம் அவரே சொல்லிக்கொண்டார். என்ன சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சதீஷின் கட்டைவிரல்

ஒரு சின்னக் கிளைக்கதை. 'தொடாதீர்கள்' பலகையிலிருந்து தப்பி ஓடி வந்தேன் அல்லவா? ஐ.டி.ஐ.யில் முதல் வாரமே எனக்குக் கிடைத்த வசவு என்ன தெரியுமா? "தொடாதே!"

மோட்டார் மெக்கானிக் என்றாலும் ஆரம்பத்தில் அரம்தான் கொடுப்பார்கள். ஓர் இரும்புத் துண்டைச் சமமாகும்வரை ராவிக்கொண்டே இருக்க வேண்டும். நான் ராவினேன். ராவிய இடத்தைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் நீவிப் பார்த்தேன். மறுபடி ராவினேன், மறுபடி நீவினேன். எங்கள் கடையில் 'தொட்டுப் பாருங்க' என்று சொல்லாமல் ஒரு தானும் விற்றதில்லை. தொடாமல் ஒன்றை நல்லது என்று சொல்ல என் கைக்குத் தெரியாது.

மறுநாள் காலையில் வந்து பார்த்தால், என் இரும்பில் மட்டும் செம்பழுப்பு நிறத்தில் விரல் விரலாகத் துரு. ரேகை எண்ணலாம்போல அத்தனை துல்லியம்.

"மச்சி, இத்த அப்பிடியே ஸ்டேஷன்ல குட்துடு" என்றான் பக்கத்து மேசை சதீஷ். கோடம்பாக்கத்துக்காரன். "பின்னாடி நீ எங்கனா திருடுனா அவங்களுக்கு வேலை மிச்சம்."

வியர்வையின் உப்பு, அதோடு சென்னைக் காற்றின் ஈரம். ராவிய இரும்பு இரண்டையும் தாங்காதாம். வெட்கப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ வேறு கேள்வி வந்துவிட்டது: எல்லார் வியர்வையும் ஒரே வேகத்தில் துருவைக் கொண்டுவருமா? ஒரு கழிவுத் தகட்டைத் தேய்த்து, பிரிவில் இருந்த எல்லாரையும் ஆளுக்கொரு கட்டைவிரல் பதிக்கவைத்தேன். கீழே சாக்பீஸால் பெயர்.

சதீஷின் விரல்தான் முதலில் துருப்பிடித்தது. "உப்புப் போட்டுத் துன்றவன்டா நானு!" என்று அன்று முழுக்க மார்தட்டிக்கொண்டு திரிந்தான்.

இப்படி ஒரு கல்லூரியில் நடக்குமா என்று தெரியவில்லை. நடந்தாலும் நடக்கலாம். நான்தான் போகவில்லையே.

செவுளும் நூலும்

அம்பாசிடருக்கு வருகிறேன்.

ஸ்டெல்லாக்கா வருவதற்கு முந்தின மாலை, கடையிலிருந்து ஒரு நூல்கண்டை எடுத்துவந்து காரைச் சுற்றி வந்தேன். விற்பதென்றால் எங்கள் கடை முறையில் விற்க வேண்டும் என்பது ஒரு காரணம். ஐ.டி.ஐ.யில் கழிந்த சில வாரங்களில் என் கண் எவ்வளவு திறந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசை இன்னொரு காரணம். உண்மையில் இரண்டாவதுதான் பெரிது.

நூல் ஏற ஏற விசித்திரமாக இருந்தது. எனக்கு மிகவும் பிடித்த அந்த டாஷ்போர்டுப் பாட்டு, இஞ்சினைத் தாங்குகிற ரப்பர் தேய்ந்ததால் வருகிற அதிர்வு. கதவைச் சாத்தும்போது வரும் அந்தக் கம்பீரமான 'தொப்', கீல் இறங்கியதால் வருவது. நான் அதன் குணம் என்று நினைத்ததெல்லாம் அதன் நோய். துக்கப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் காரணம் தெரிந்தபோது எனக்கு உள்ளுக்குள் குதூகலமாக இருந்தது. அதைச் சொல்ல அன்று வீட்டில் ஆளில்லை.

மறுநாள் அந்த நூல்களை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தேன். ஸ்டெல்லாக்கா ஒவ்வொரு நூலுக்கும் விலையில் கொஞ்சம் இறங்கினார்.

"இது ரேடியேட்டர்க்கா. ஓஸ் பைப்பு வெடிப்பு விட்டிருக்கு, மாத்தணும்."

"சரி, அதுக்குக் கொறச்சிக்க சார்."

"இது பேட்டரி வயர். பச்சை பூத்திருக்கு."

"அதுக்கும் கொறச்சிக்க சார்."

அப்பாவால் பொறுக்க முடியவில்லை. "ஏட்டி, நீ விக்கியா, வாங்குதியா?"

ஸ்டெல்லாக்கா வாய்விட்டுச் சிரித்தார். "வுடு சார். நாங்க செவுளைத் தூக்கிக் காட்டி மீனு விக்கல? அந்த மாரிதான் உன் பொண்ணும். செவுளு செவப்பாகீதான்னு பாக்காம எவன் மீனு வாங்குறான்?"

பிறகு டிக்கியைத் திறக்கச் சொன்னார். தெர்மாகோல் பெட்டியை உள்ளே வைத்து, இப்படியும் அப்படியும் நகர்த்தி, "ரெண்டு நிக்கும்டா அந்தோணி" என்றார்.

"அது எதுக்கும்மா?" என்றார் அப்பா.

"மீனுக்கு சார். காசிமேட்டாண்ட போயி விடியக்காத்தால எடுத்தாரணும். ஆட்டோக்காரன் நாறுதுன்னு பிகு பண்றான்."

அப்பாவின் முகம் போன போக்கை எழுத எனக்கு வரவில்லை. "இதுல புதுத்துணி தவிர வேற ஒண்ணும் ஏத்துனதில்லம்மா" என்றார், மெதுவாக.

"அதான் சார் சொல்றேன். சோக்கா, சுத்தமாகீது."

அந்தோணி அண்ணன் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "வயசுக்கு நல்லாவே ஓடுதுக்கா." விலை முடிந்தது. நான் சாவியை எடுத்துவர உள்ளே போய்த் திரும்பினேன்.

அப்பா படியிறங்கி வந்து எனக்கும் ஸ்டெல்லாக்காவுக்கும் நடுவில் நின்றார்.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல" என்றார் என்னிடம். "இன்னைக்குச் சாயந்தரம் வரைக்கும் காலேஜுல சேத்துக்கிடுவாக. சரின்னு சொல்லு. வண்டி இங்கனயே நிக்கும்."

ஸ்டெல்லாக்காவுக்குப் புரியவில்லை. "இன்னா சார் இது? பூ வெச்சிட்டுப் பொண்ணு இல்லன்ற?"

நான் விஷயத்தைச் சொன்னேன். கல்லூரி என்றால் கார் எனக்கு, ஐ.டி.ஐ. என்றால் கார் அவருக்கு. அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "மாதாவே! நான் வண்டி வாங்க வந்தனா, பஞ்சாயத்து பண்ண வந்தனா? எனுக்கு இன்னா பாப்பா தெரியும் இதெல்லாம். வண்டி குடுத்தா இட்னு போறேன். இல்லாங்காட்டி ஷேர் ஆட்டோ."

அப்பாவின் குரல் எனக்குத் தெரியும். விட்டுவிடக் கூடாது என்று நினைக்கிற வாடிக்கையாளரிடம் மட்டும் அந்தக் குரலில் பேசுவார். கட்டளை அதில் கொஞ்சமும் இல்லை. திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

திறந்திருந்த டிக்கியிலிருந்து கஞ்சி வாசனை வந்தது. எனக்கு அந்தக் கார் வேண்டும். மிகவும் வேண்டும். பின்சீட்டில் துண்டை விரித்துப் படுத்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. ஆனால் அதில் ஏறி நான் எங்கே போவேன்? அந்தக் கண்ணாடிப் பெட்டியைப் பார்க்க. அதற்குள் இருப்பதைத் திறக்காமல் இரண்டு வருடம். இங்கேயோ, நூல் கட்டிய ஒவ்வொரு இடமும் என்னைப் பிரித்துப் பார் என்று கூப்பிட்டது. எனக்குப் பார்க்கத் தெரிந்துவிட்டது, பிரிக்கத்தான் தெரியவில்லை. பிரிக்கத் தெரியாமல் அதைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டிருக்க என்னால் ஆகாது.

"நான் ஐ.டி.ஐ.க்கே போறேன்ப்பா" என்று சொல்லிவிட்டுச் சாவியை ஸ்டெல்லாக்கா கையில் வைத்தேன். அவர் சாவியோடு சேர்த்து என் விரல்களையும் ஒரு கணம் பிடித்துக்கொண்டார். அந்தக் கையில் ஐஸின் குளிர்ச்சி.

அந்தோணி அண்ணன் வண்டியைப் பின்னால் எடுத்தபோது, அப்பா பழக்கதோஷத்தில் கேட்டருகே போய், "வரலாம்... வரலாம்... கொஞ்சம் ஒடிச்சு..." என்று கைகாட்டினார். தெருமுனை திரும்புகிறவரை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

கார் நின்ற இடம்

கார் போன பிறகு அதன் அளவுக்கு ஓர் இடம் மட்டும் காலியாகக் கிடந்தது. வாதாமரத்துச் சருகுகள் அங்கே மெத்தைபோல் சேர்ந்திருந்தன. அம்மா என் கையில் துடைப்பத்தைக் கொடுத்தார். நின்றுகொண்டிருந்தால் அழுதுவிடுவேன் என்று நினைத்திருப்பார்.

பெருக்கினேன். பின்பக்கம், இடது சக்கரம் நின்ற இடத்தில், சருகுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. அடியில் ஒரு கறை.

உட்கார்ந்தேன். கறுப்பு இல்லை, தேன்போல் ஒரு நிறம். ஒரு சருகை எடுத்து முகர்ந்தேன். கெட்டுப்போன முட்டையும் வெங்காயமும் சேர்ந்ததுபோல் ஒரு நெடி. கியர் ஆயில். பட்டறையில் ஒருமுறை முகர்ந்தவர்கள் சாப்பாட்டு நேரம் வரை மறக்க மாட்டார்கள்.

"அழுதியாட்டி?" அப்பா பின்னால் வந்து நின்றார்.

"இல்லப்பா. இங்க பாருங்க. இஞ்சின் முன்னாடி இருக்கு. அந்த ஆயில் இங்க வர வழியே இல்ல. பின் சக்கரத்து அச்சிலேர்ந்து கசிஞ்சிருக்கு. சருகு மூடியிருந்ததால நேத்து நான் பார்க்கல."

"பெரிய கோளாறா?"

"இப்ப இல்ல. கசிஞ்சு கசிஞ்சு பிரேக்குக்குள்ள இறங்கிட்டா, அந்தப் பக்கம் பிரேக் பிடிக்காது."

அப்பாவும் குனிந்தார். சருகை வாங்கி முகர்ந்து முகத்தைச் சுளித்தார். என்னைப் பார்த்தார். "நிச்சயமாத்தான் சொல்லுதியா?"

"நிச்சயமாப்பா."

விற்றாகிவிட்டது. வண்டி மந்தைவெளியைத் தாண்டியிருக்கும். யாரும் கேட்கப்போவதில்லை. அப்பா சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

"எம்மா, துணிக்கடை பேசுதேன். வண்டி எங்கன போகுது? சரி, தம்பிய மெதுவாப் போகச் சொல்லுங்க. ஒரு குறை விட்டுப்போச்சு. பின்னால எடதுபக்கச் சக்கரத்துல ஆயில் கசியுது. அதப் பாக்காம ரொம்ப ஓட்டாதீங்க." அந்தப் பக்கம் ஸ்டெல்லாக்கா ஏதோ கேட்டிருக்க வேண்டும். "இல்லம்மா, எனக்கென்ன தெரியும். என் மக பாத்துச் சொல்லுதா."

ஸ்டெல்லாக்காவின் குரல் போனை மீறி எனக்கே கேட்டது. "வித்துட்டு மறு நிமிசமே போன் பண்ணிக் கொற சொல்ற ஆள இப்பத்தான் சார் பாக்குறேன்! சரி, யாரு சார் ரெடி பண்ணுவாங்க இத்த?"

அப்பா போனைக் கையால் பொத்திக்கொண்டார்.

"யாரு சரிபண்ணுவான்னு கேக்காக."

"எனக்கு அது இன்னும் வராதுப்பா. அச்சைக் கழட்ட இன்னும் சொல்லித் தரல."

"எப்பச் சொல்லித்தருவாக?"

"அடுத்த மாசம்."

அவர் ஒரு கணம் தெருவைப் பார்த்தார். பிறகு போனைக் காதில் வைத்தார்.

"எம்மா, இந்தத் தடவ நல்ல ஆளா வச்சுப் பாத்துக்கிடுங்க, செலவு நம்மளோடது. அடுத்த மாசத்துல இருந்து என் மக வருவா."